நமக்கு நூறு, அங்கே நூற்று எழுபத்தெட்டு

வேற்றூர்ச் சம்பளக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அவருக்கும் நம்மைப் போலவே இரண்டு கை, இரண்டு கால், ஒரு வேலை. உடம்பு மட்டும் வேலை இருக்கிற ஊரில் இருக்கும். மனசு பக்கத்து ஊரில் சம்பளம் வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்.

நீங்கள் பார்க்காதவரா அவர்? முடிவெட்டும் நாற்காலியில் உங்கள் தலையை முழங்கால் வரைக்கும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தரியை அந்தரத்தில் நிறுத்தி, "அந்தப் பக்கம் ஒரு தலைக்கு என்ன வாங்கறாங்க தெரியுமா?" என்று கேட்டவர் அவர்தான். ஆஸ்பத்திரியில் ஊசியை நரம்புக்கு அரை விரல் தூரத்தில் வைத்துக்கொண்டு, தீவில் வேலை பார்க்கும் நர்சுகளின் படிக்காசைப் பற்றி இன்னொரு நர்சிடம் பேசிக்கொண்டிருந்தவரும் அவர்தான். சரி, உங்கள் சம்பளம் என்ன என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். "அதை ஏன் கேக்கறீங்க" என்பார். கேட்காமல் விட்டுவிட்டால் முகம் சுருங்கிப் போகும்.

எல்லாத் தொழிலிலும் இவர் இருக்கிறார். ஆனால் கலப்படமில்லாத, முதல்தரமான உருப்படி வேண்டும் என்றால் நிலம் அளக்கிற சர்வேயர்களிடம்தான் போகவேண்டும். நான் படித்தது நாலே வகுப்பு. அந்த நாலு வகுப்பைக் கொண்டு நாற்பது வருஷம் நாலாயிரம் பேரை எடைபோட்டிருக்கிறேன். ஒரு ஆளிலும் எனக்குப் பிசகியதில்லை. ஆகையால் நான் சொல்வதை நம்பலாம். சர்வேயரின் தொழில் என்ன? ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூரத்தில் இருப்பதைப் பார்ப்பது. அவருடைய அளக்கும் கருவியின் கண்ணாடியில் அரை மைலுக்கு அப்பால் கம்பத்தில் உட்கார்ந்திருக்கிற காக்காயின் மூக்கு தெரியும். எதிரே ஒரு முழத்தில் நிற்கிற மனிதனைப் பார்த்தால் வெறும் புகைமூட்டம். அப்படிக் கருவி. வருஷக்கணக்கில் அதோடு பழகினால் ஆளும் அப்படித்தானே ஆவான்?

அந்த அலுவலகத்தில் ஏழு பேர். சுருட்டி வைத்த வரைபடங்கள் அலமாரிக்கு மேலே விறகுபோல் அடுக்கியிருக்கும். ஜன்னல் ஓரத்து மேஜையில் படம் வரைகிற அக்கா. அவளுக்கு எதிர் மேஜையில் நம்முடைய ஆள். அவருக்கு 'சராசரி' என்று பெயர் வைத்தது அந்த அக்காதான். அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது தடவை விழுகிற வார்த்தை அது. கொஞ்ச நாளில் மேலதிகாரியே "சராசரி சாரைக் கூப்பிடு" என்று சொல்லி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

வருஷத்துக்கு ஒரு தடவை தொழில்துறை ஒரு தடிப்புத்தகம் போடும். எந்தத் தொழிலில், எந்த வட்டாரத்தில், எத்தனை பேர், என்ன சம்பளம் என்று வரிசையாக இருக்கும். அதை அச்சடித்தவர்களே படித்திருக்க மாட்டார்கள். சராசரி படிப்பார். நிலஅளவைக்காரர்களுக்கு உள்ள ஒரே ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சட்டைப்பையில் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். மனைவியின் படம் பணப்பையில், கசங்கிப் போய், பேருந்துச் சீட்டுக்கு அடியில் இருந்தது.

தன் வட்டாரத்துச் சம்பளத்தை நூறு என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அவர் அதற்கேற்ப மாற்றியிருந்தார். அசல் தொகையைச் சொன்னால் தன் சம்பளம் வெளியே தெரிந்துவிடும் அல்லவா? நமக்கு நூறு, மலை வட்டாரத்தில் எண்பத்து மூன்று, ஆனால் வாடகை பாதி, கடற்கரையில் நூற்று இருபத்தொன்று, ஆள் அறுநூற்று நாற்பது பேர், ஆனால் உப்புக் காற்றில் கருவி துருப்பிடிக்கும், தலைநகரில் நூற்று ஐம்பது, ஆனால் தடுக்கி விழுந்தால் சர்வேயர் மேல்தான் விழவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பட்டியலின் சிகரத்தில், சுரங்க வட்டாரம். ஆள் ஒன்பது. சம்பளம் நூற்று எழுபத்தெட்டு.

"அக்கா, சுரங்க வட்டாரத்துல மொத்தம் எத்தனை சர்வேயர் தெரியுமா?"

"ஒம்போது."

"எப்படிக் கரெக்டா சொல்றீங்க?"

"போன வாரம் கேட்டப்பவும் ஒம்போதுதான். யாரும் செத்திருந்தா நீங்களே சொல்லியிருப்பீங்க."

வேலைக்குப் போன இடத்திலும் இதே கதைதான். அண்ணனும் தம்பியும் வேலியைப் பற்றிப் பேச்சுவார்த்தை அறுந்து, ஆளுக்கொரு கடப்பாரையோடு நிற்பார்கள். "சார், வேலி எங்க வருது, சொல்லுங்க" என்று இருவரும் கேட்பார்கள். சராசரி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து, "வேலி கிடக்கட்டும். இதே வேலியைக் கடற்கரைப் பக்கம் அளந்தா என்ன கொடுப்பாங்க தெரியுமா?" என்பார். ஒருமுறை அண்ணனும் தம்பியும் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, இந்த ஆளுக்குப் பாவம் கூடக் கொஞ்சம் கொடுக்கலாமா என்று ஒன்றுகூடிப் பேசினார்கள். அவர் தொழில் வாழ்க்கையில் சேர்த்துவைத்த ஒரே குடும்பம் அது.

வீட்டில் எப்படி? பதினோரு வருஷமாக ஒரே வாடகை வீடு. அதில் ஒரு அலமாரிகூடச் சுவரோடு பொருத்தவில்லை. "எப்படியும் கிளம்பப் போறோம், எதுக்கு?" தோட்டத்தில் ஒரு செடி வைக்கவில்லை. "காய்க்கும்போது நாம இருக்க மாட்டோம்." மனைவி கேட்காமலே ஒரு எலுமிச்சையை வைத்தாள், அது எட்டு வருஷமாகக் காய்த்துக்கொண்டிருக்கிறது. அந்த அம்மாளுக்கு வேலை தெருமுனைப் பல் டாக்டரிடம், உதவியாளர். நாளெல்லாம் வாயைத் திறங்க, இன்னும் கொஞ்சம் திறங்க என்று ஊரைக் கெஞ்சிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே ஒருவர் யாரும் சொல்லாமலே திறந்து வைத்திருப்பார்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்து நின்றாள்.

"என்னங்க, வீட்டுக்காரம்மா மகன் வீட்டோட போகப் போறாங்களாம். வீட்டை விக்கறாங்க. முதல்ல நம்மளைத்தான் கேக்கறாங்க. சனிக்கிழமை பத்து மணிக்குள்ள சொல்லணும். இல்லேன்னா எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்துடுவாங்க."

"சனிக்கிழமையா?" என்றார் சராசரி, ஒரு மாதிரியாகப் புன்னகைத்து. "வியாழக்கிழமை நான் சுரங்க வட்டாரத்துல இருப்பேனே."

மடித்த கடிதம் ஒன்றை எடுத்து, மேஜையில் வைத்து, உள்ளங்கையால் மூன்று தடவை நீவிவிட்டார். வேலை காலி, நேரில் வந்து அளந்து காட்டவும், பேருந்துச் செலவு தரப்படமாட்டாது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். "அங்க போனா என் வேலை?"

"அங்க மட்டும் யாருக்கும் பல் இல்லையா?"

"எனக்கு இந்த வீடு வேணுங்க" என்றாள் அவள். குரல் ஏறவில்லை. "பதினோரு வருஷமா கிளம்பற வீட்டுல குடியிருக்கேன். ஒரு நாளாவது இருக்கற வீட்டுல இருந்து பார்க்கணும். நீங்க போய்ட்டு வாங்க. சனிக்கிழமை பத்து மணிக்கு நான் வீட்டுக்காரம்மா எதிர்ல உக்காந்திருப்பேன்."

வேறு மனுஷனாக இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்திருப்பான். சராசரி என்ன செய்தார்? "நூத்தி எழுபத்தெட்டும்மா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பேருந்தில் ஆறு மணி நேரம். வழியெல்லாம் பக்கத்து இருக்கைக்காரருக்கு அந்தப் பிளாஸ்டிக் உறை தரிசனம் தந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால், சுரங்க வட்டாரத்து அலுவலகமும் ஓர் அறைதான். அலமாரிக்கு மேலே விறகுபோல் வரைபடங்கள். ஜன்னலோரத்தில் ஓர் அக்கா. நூற்று எழுபத்தெட்டு வாங்குகிற இடத்தில் நாற்காலிக்காவது நாலு காலும் ஒரே உயரம் இருக்கும் என்று நினைத்திருந்தார். அதுவும் இல்லை.

தலைமை சர்வேயர் ஒரு பெண்மணி. வெயிலில் கறுத்து, குறைவாகப் பேசுகிறவர். பின்புறத்து மைதானத்தைக் காட்டி, "ஏழு இடத்துல குச்சி அடிச்சிருக்கோம். ஒவ்வொண்ணுலயும் தரை எவ்வளவு உயரம்னு எடுத்துக் கொடுங்க. நம்ம கம்புக்காரர் கூட வருவார்" என்றார். ஆளுக்கொரு வாக்கிடாக்கியைக் கொடுத்துவிட்டுத் தன் மேஜைக்குப் போனார்.

இதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள், மற்றது தானாகப் புரியும். தரையின் உயரத்தை எடுக்க ஒருவர் கருவியிடம் நிற்பார். இன்னொருவர் உச்சியில் கண்ணாடி வைத்த கம்பை அந்தந்தக் குச்சியின் மேல் நிறுத்துவார். கருவி பார்ப்பது கம்பின் உச்சியைத்தான். ஆகவே கம்பு எவ்வளவு நீளம் என்று அதற்கு முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும், அது கழித்துக்கொள்ளும். நடுவில் செடி மறைத்தால் கம்பை இழுத்து நீட்டலாம். நீட்டினால் புது நீளத்தைக் கருவிக்குச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கம்பு வளர்ந்தது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? தரைதான் வளர்ந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே காதைத் திருகிச் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

கம்புக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கம்பைவிட வயிறு பெரியது. முதல் குச்சியில் நின்றபோதே வாக்கிடாக்கி கரகரத்தது.

"சார், நீங்க எந்த வட்டாரத்துலேருந்து வர்றீங்க?"

சராசரி சொன்னார்.

"அப்படியா சார். உங்க பக்கம் கம்பு பிடிக்கிறவங்களுக்கு ஆள் பத்தலையாமே. கேட்டதைக் கொடுக்கறாங்களாமே."

இனம் இனத்தை அடையாளம் கண்டுகொண்டது. அப்புறம் கேட்கவேண்டுமா? இரண்டாவது குச்சியில் வீட்டு வாடகைப்படி. மூன்றாவது குச்சியில் விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, இல்லையா. நாலாவது குச்சிக்கு முன்னால் ஒரு முட்புதர் மறைத்தது. கம்புக்காரர் கம்பை இழுத்து நீட்டினார். "சார், முக்கால் மீட்டர் ஏத்தியிருக்கேன்" என்றார். சராசரி அதே நொடியில் தன் வாக்கிடாக்கியின் பொத்தானை அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்: "அந்த நூத்தி எழுபத்தெட்டு, அதான், ஒம்போது பேர் வாங்கறாங்களே, அது கைக்கு வர்றதா, பிடித்தம் போறதுக்கு முன்னாலயா?" வாக்கிடாக்கியில் ஒருவர் பேசினால் மற்றவர் பேச்சு கேட்காது.

"ஒம்போது பேரா? யாரு சொன்னா?" என்று சிரித்தார் கம்புக்காரர். "ரெண்டு பேர் சார். சுரங்கத்துக்குள்ள இறங்கறவங்க. காலையில போனா சாயங்காலம்தான் வெளிச்சத்தைப் பார்ப்பாங்க. அந்த ரெண்டு பேருக்கும் அள்ளிக் கொடுக்கறான். மேல வெயில்ல அளக்கற ஏழு பேருக்கு என்ன, உங்களுக்குக் கொடுக்கறதுதான். அதுலயும் கொஞ்சம் கம்மி."

தொகையையும் சொன்னார். சராசரிக்குத் தலைக்குள் கணக்கு ஓடியது. இந்தக் கணக்கில் மட்டும் அவர் புலி. ஏழு பேருக்குத் தொண்ணூற்றாறு. மீதி இரண்டு பேருக்கு ஆளுக்கு நானூற்று அறுபத்தைந்து. இரண்டு பேர் பூமிக்கு அடியில் நின்றுகொண்டு ஒன்பது பேரின் சராசரியைத் தலையில் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். காலி என்று கடிதம் போட்டது மேலேயா, கீழேயா என்று கேட்டார்.

"மேலதான் சார். கீழ எப்ப காலியாகும்? அவங்க ஏறி வந்து சொன்னாத்தானே."

சராசரியின் விரல் தானாகப் போய்க் கருவியின் பொத்தானை அழுத்தியது. நாலாவது குச்சி பதிவாகிவிட்டது.

அரை மணி நேரம் கழித்துத் தலைமை சர்வேயர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாக்கிடாக்கி முனகிக்கொண்டிருந்தது.

"இங்க ஒரு மேடு காட்டியிருக்கீங்க."

"ஆமாம் மேடம்."

"முக்கால் மீட்டர் மேடு."

"இருக்கும் மேடம்."

"தினமும் அந்த வழியாத்தான் சைக்கிள்ல போறேன். இன்னிக்குச் சாயங்காலம் பார்த்துப் போறேன்." தாளை மடித்தார். "கம்புக்காரர் ஏத்தினேன்னு சொன்னது உங்களுக்குக் கேக்கலை. எனக்குக் கேட்டுது. மத்ததும் கேட்டுது. இந்த அறையில ஏழு பேருக்கும் கேட்டுது. சொல்லி அனுப்பறோம்."

ஜன்னலோரத்து அக்கா குனிந்து எதையோ தேடுகிறவள்போல் மேஜைக்கு அடியிலேயே ரொம்ப நேரம் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்." அவள் தட்டை எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை பத்து மணி. வீட்டுக்காரம்மாவின் கூடத்தில் பத்திரம் எழுதுகிறவர் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருந்துக்கடைக்காரர் தற்செயலாக வந்ததுபோல் வாசலில் இரண்டு தடவை நடந்தார். வீட்டுக்காரம்மா விலையைச் சொன்னார். மனைவி தலையை ஆட்டினாள். எல்லாம் முடிந்திருக்கவேண்டிய இடம். அப்போதுதான் சராசரி தொண்டையைச் செருமினார்.

"மலை வட்டாரத்துல இதே அளவு வீடு என்ன விலை தெரியுங்களா? இதுல பாதி."

கூடத்தில் பேனா நின்றது. வீட்டுக்காரம்மா மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியாப்பா. அப்ப அங்கயே வாங்கிக்கயேன். எனக்கென்ன, வாங்கறவர் வாசல்ல நடந்துட்டுத்தானே இருக்காரு."

சராசரிக்கு அப்போதும் உறைக்கவில்லை. கடற்கரை வட்டாரத்தின் விலையைச் சொல்ல வாயைத் திறந்தார். மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பத்து வருஷமாகப் பயந்த குழந்தைகளின் கையைப் பிடித்துப் பழகிய பிடி அது. வலிக்காது, நகரவும் முடியாது.

"அம்மா, வீட்டை இவர் வாங்கலை. நான் வாங்கறேன். இவர் என்கூட வந்திருக்காரு, அவ்வளவுதான். என் பேருக்கு எழுதச் சொல்லுங்க."

வீட்டுக்காரம்மா அவளைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தனிப் பேருக்குன்னா பேங்குக்கு வருமானம் காட்டணுமே" என்றார் பத்திரக்காரர்.

"காட்டியாச்சு. என் சம்பளத்துக்கே கடன் தர்றதாச் சொல்லிட்டாங்க." கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். சம்பளச் சீட்டு.

எதிரே ஒரு சம்பளச் சீட்டு கிடந்தால் சராசரியால் பார்க்காமல் இருக்க முடியுமா? தலைகீழாக இருந்ததைத் தலையைச் சாய்த்துப் படித்தார். உதடு அசைந்தது. நமக்கு நூறு என்றால் இது நூற்று முப்பத்தொன்று. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். நூற்று முப்பத்தொன்றுதான். மலையைத் தாண்டி, கடற்கரையையும் தாண்டிய சம்பளம். அதில் ஆபத்துக்கென்று தனிப் படி எதுவும் இல்லை.

"இது எந்த வட்டாரத்துச் சம்பளம்?" என்றார்.

"தெருமுனைங்க."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன், மிச்சத்தைச் சேத்து வச்சேன். நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?" என்றாள் அவள். கோபம் இல்லை. கொஞ்சம் சிரிப்புக்கூட இருந்தது. "நீங்க கேட்டிருந்தா, நம்ம வீட்டுல ரெண்டு பேர், சராசரி நூத்திப் பதினஞ்சரைன்னு சொல்லியிருப்பேன்."

பத்திரக்காரர் இருமலை அடக்கினார். மருந்துக்கடைக்காரர் வாசலில் நடப்பதை நிறுத்திவிட்டார். சராசரிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்கள். போட்டார். கீழே நிரந்தர முகவரி என்று இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு அந்த வீட்டின் எண்ணை எழுதினார். எழுதும்போது மனைவி பார்க்கிறாளா என்று பார்த்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதோடு திருந்திவிட்டார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்களா என்ன? திங்கட்கிழமை காலை, உட்கார்ந்த கையோடு எதிர் மேஜையைப் பார்த்தார்.

"அக்கா, பல் டாக்டர்கிட்ட உதவியா இருக்கறவங்களுக்கு என்ன சம்பளம் தெரியுமா?"

"எந்த வட்டாரத்துல?"

"எங்க வீட்டுல" என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

சரி, அவரை விடுங்கள். அவர் பாட்டுக்குப் பிழைத்துப்போகட்டும். உங்களிடம் ஒரு வார்த்தை. நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள், என்ன வாங்குகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதை ஏன் கேக்கறீங்க என்பீர்கள். நிலம் அளப்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சுரங்கத்தைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கலாம். இருந்தாலும் நானூற்று அறுபத்தைந்து என்று வந்த இடத்தில் உங்கள் கண் ஒரு நொடி நின்றது. அந்த இரண்டு பேரில் மூத்தவருக்கு என்ன வயது இருக்கும் என்று ஒரு யோசனை ஓடியது.

ஓடியதா, இல்லையா? என்னிடம் சொல்லவேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.